வேலி காவாது, குடியே காக்கும்

வன்னி மண் பறிபோகிறது என்று முழங்காத தமிழ் அரசியல் மேடை இன்று இல்லை. அம்முழக்கத்தில் உண்மை உண்டு. அதனை மறுப்பார் எவருமிலர். ஆயினும், அம்மேடையில் நின்று முழங்குவோரிலும், முன்னே அமர்ந்து கைதட்டுவோரிலும், குடும்பத்தோடு வன்னியிலே வாழ்வோர் எத்தனை பேர் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூட்டம் கலைந்ததும் ஒரு சாரார் யாழ்ப்பாணம் திரும்புகின்றனர். மற்றொரு சாரார் கொழும்பு செல்லும் இரவு வண்டியில் ஏறுகின்றனர். வன்னி மண்ணோ தன் பழைய குடிகளுடன் தனித்து நிற்கிறது.

நிலத்தைக் காப்பது எது? உறுதிப் பத்திரமா, முட்கம்பி வேலியா? இரண்டும் வேண்டியனவே. எனினும், அடுப்புப் புகையும் கிணற்றடிப் பேச்சும் பாடசாலை மணியும் இல்லாத நிலத்தை அவை நெடுநாள் காத்ததாக நம் வரலாற்றில் இல்லை. ஆதலின், இங்கு நாம் கூற விழைவது ஒன்றே: யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வாழும் தமிழ் உத்தியோகத்தருள்ளும் தொழிலறிஞருள்ளும் இயன்றவர்கள், தம் குடும்பத்தோடு வன்னிக் கிராமங்களிற் சென்று குடியமர வேண்டும். காணி வாங்கி வேலியடைத்துவிட்டுத் திரும்பி வருவது போதாது. இதனைத் தியாகத்துக்கான அழைப்பென்று எவரும் கொள்ளவேண்டியதில்லை. வரவு செலவறிந்த குடும்பம் தன் நன்மையை நாடியே செய்யத்தக்க காரியம் இது என்பதையும் காட்டுவோம்.

நிலம் ஓரிடம், மக்கள் வேறிடம்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி வட மாகாணத்தின் மக்கள் தொகை 1,061,315. அவர்களுள் 583,882 பேர், அதாவது பாதிக்கு மேற்பட்டோர், யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்தனர். அம்மாவட்டத்தின் பரப்போ மாகாண நிலத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. எஞ்சிய எட்டுப் பங்கும் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்னும் நான்கு மாவட்டங்களுக்கு உரியது. முல்லைத்தீவு மாவட்டம் முழுவதிலும் அன்று வாழ்ந்தோர் 92,238 பேரே. சதுர கிலோமீற்றர் கணக்கிற் சொன்னால், யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 570 பேர்; முல்லைத்தீவில் 35 பேர். ஒரே மாகாணத்தில், ஒரே மொழி பேசும் மக்களிடையே, இத்துணை ஏற்றத்தாழ்வு இருப்பது இயற்கையன்று.

இதன் விளைவை ஒவ்வொரு குடும்பமும் தன் பணப்பையில் உணர்கிறது. யாழ்ப்பாண நகரையடுத்து இரண்டு பரப்புக் காணி வாங்க முனையும் ஆசிரியர் ஒருவர், தம் வாழ்நாட் சேமிப்பையும் மனைவியின் நகையையும் வங்கிக் கடனையும் ஒருங்கே வைத்தாலும், வீடு கட்டுவதற்கு மீதி காண்பது அரிது. கொழும்பிலே வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பொன்றில் வாடகைக்கிருக்கும் எழுதுவினைஞரோ, மாதச் சம்பளத்தின் பெரும் பங்கை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் ஓடியாட ஒரு முழ நிலமின்றி வாழ்கின்றார். வன்னியில் பெருவீதியை விட்டுச் சற்று உள்ளே சென்றால், பரப்புக் கணக்கை மறந்து ஏக்கர்க் கணக்கிற் பேசலாம். ஒரு வீடு, ஒரு கிணறு, பத்துத் தென்னை, நான்கு மா, இரண்டு பசு, சுற்றிலும் அமைதி. இவ்வளவும் ஒரு நடுத்தர உத்தியோகத்தரின் கைக்கு எட்டும் இடம் இன்று வன்னியொன்றே.

இனி நீரைப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மாரியில் ஓடும் வழுக்கியாறு கோடையில் வறண்டுவிடும். சுண்ணாம்புக் கற்பாறையின் இடுக்குகளிலே தங்கும் மழைநீர்தான் குடாநாட்டின் உயிர். அதன் மேல் வீடும் மலகூடமும் பெருகின. தோட்டத்து உரம் கரைந்து இறங்கியது. பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்தது. கரையோரங்களில் உவர் ஏறியது. இரணைமடு நீரைக் குழாய் வழியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரத் திட்டமிட்டபோது, தம் வயலுக்கே நீர் போதாதென்று கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பில் நியாயம் இருந்தது. பின்னர் வடமராட்சி கிழக்கில் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்லதே. ஆனால், நீரை மனிதரிடம் கொண்டுவரப் பெருநிதி செலவிடும் நாம், மனிதர் சிலர் நீர் இருக்குமிடத்துக்குப் போகலாமே என்று ஏன் எண்ணவில்லை? கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்புகின்றது. பேராறு முத்தையன்கட்டை நிரப்புகின்றது. பாலியாற்றை மறித்து வவுனிக்குளம் நிற்கின்றது. அருவியாற்று நீர் மன்னார்க் கட்டுக்கரைக் குளத்தை அடைகின்றது. குளம் நிறைந்தால் அதன் கீழுள்ள கிணறுகளும் ஊறுகின்றன. நம் முன்னோர் குளந்தொட்டுக் குடியிருந்த நிலம் இது.

வெறுங்காணிக்கு உரிமை கேட்போர் பலர்

ஆளில்லாத நிலம் அமைதியாகக் கிடக்கும் என்று எண்ணுவோர் கடந்த எழுபதாண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். 1957 யூலையில் எழுதப்பட்ட பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம், குடியேற்றத் திட்டங்களுக்கு ஆட்களைத் தெரியும் உரிமையைப் பிரதேச சபைகளுக்கு அளிக்க இசைந்தது. 1958 ஏப்பிரிலில் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. 1965 மார்ச்சில் வந்த டட்லி - செல்வநாயகம் ஒப்பந்தம், வடக்குக் கிழக்கில் வழங்கும் காணியில் முதலுரிமை அவ்வம் மாவட்டத்துக் காணியற்றோருக்கு என்றும், அடுத்த உரிமை அவ்விரு மாகாணத்துத் தமிழ் பேசும் மக்களுக்கு என்றும், அதன் பின்னரே ஏனையோருக்கு என்றும் ஏற்றுக்கொண்டது. அதுவும் நிறைவேறவில்லை. 1984இல் மணலாற்றுத் தமிழ்க் கிராமங்களின் குடிகள் வெளியேற்றப்பட்டனர். அந்நிலம் வெலிஓயா என்னும் பெயர் பெற்றது. அங்கே கொண்டுவந்து அமர்த்தப்பட்ட ஏழைச் சிங்களக் கமக்காரன் நமக்குப் பகைவன் அல்லன். அவனை அங்கே அமர்த்திய கொள்கையே நம் வழக்குக்கு உரியது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2025 மார்ச் 28ஆம் திகதியிட்ட வர்த்தமானி அறிவித்தலொன்று, வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் தம் உரித்தைக் காட்ட வேண்டும் என்றும், காட்டத் தவறின் அவை அரச காணியாகும் என்றும் கூறிற்று. மூன்று மாதம்! உரித்தாளரில் ஒருவர் ரொறன்ரோவில், மற்றொருவர் இலண்டனில், மூன்றாமவர் மண்ணுக்குள். உறுதியோ இடம்பெயர்வில் எங்கோ தொலைந்துபோயிற்று. எதிர்ப்பு வலுத்தமையால் அவ்வறிவித்தல் மீளப் பெறப்பட்டது. இம்முறை தப்பினோம். ஆனால், அவ்வறிவித்தலைக் கண்டு முதலில் நடுங்கியவர் யாவர் என்பதைக் கவனியுங்கள். தன் வளவிலே வீடு கட்டி, பிள்ளையை அயற் பாடசாலைக்கு அனுப்பி, கிராம அலுவலரின் பதிவேட்டிலும் வாக்காளர் இடாப்பிலும் பெயர் கொண்டு வாழ்பவர் தம் உரிமையை நாட்டுதல் எளிது. நிலத்தை நினைவில் மட்டும் வைத்திருப்பவருக்கோ அது பெரும்பாடு.

போர்க்காலத்தில் நிலத்தை விட்டுப் போக நேர்ந்தோரின் உரிமையை, அந்நிலத்தில் வேறொருவர் இருந்துவிட்டமையால் மட்டும் இழக்கச் செய்யலாகாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்துக்கு அது காப்பளித்தது. அக்காலம் முடிந்து பல்லாண்டுகள் கழிந்தன. ஆட்சியுரிமை கொண்டாடுவோருக்குப் பத்தாண்டு போதும் என்பது இந்நாட்டுப் பொதுச் சட்டம். 2009இன் பின்னரும் தன் காணியைத் திரும்பிப் பாராதவர், இனி எச்சட்டத்தின் நிழலில் ஒதுங்குவார்?

பாராளுமன்றப் பிரதிநிதித்துவமும் இதனோடு பிணைந்ததே. யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010ஆம் ஆண்டுத் தேர்தலில் 9 ஆசனங்கள் இருந்தன. 2015இலும் 2020இலும் அவை 7 ஆயின. 2024இல் 6 ஆயின. ஆசனத்தைக் குறைத்தது கொழும்பென்று குற்றஞ்சாட்டிப் பயனில்லை. வாக்காளர் இடாப்பில் எண்ணிக்கை குறைய ஆசனமும் குறைவது கணக்கு விதி. கொழும்புக்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் போகும் ஒவ்வொரு குடும்பமும் அக்கணக்கில் ஒரு கழித்தல். கொழும்பிலிருந்து வன்னிக்குத் திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் அதே கணக்கில் ஒரு கூட்டல்.

முன்னே சென்றோர்

வன்னிக்குக் குடிபெயர்தல் புதுமையன்று. இரணைமடுக் குளம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்டபின், 1930களில் கிளிநொச்சிப் பகுதியிலே குடியேற்றத் திட்டங்கள் தொடங்கின. யாழ்ப்பாணத்துக் காணியற்ற உழவர் காட்டை வெட்டிக் கழனியாக்கினர். மலேரியாக் காய்ச்சலில் மடிந்தோர் மடிய, நின்றோர் ஊராக்கினர். இன்று கிளிநொச்சி தனி மாவட்டமாய் விளங்குவது அவர்தம் வியர்வையால். பின்னர் முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபர் திட்டங்கள் எழுந்தன. 1970 முதல் 1977 வரை மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், அவ்வாலிபர் மண்ணிலே பொன் விளைத்தனர். 1977இல் இறக்குமதிக் கதவு திறக்கப்பட்டதும் விலை சரிந்தது. பலர் நிலத்தை விட்டகன்றனர். கமத்தை மட்டும் நம்பிய குடும்பத்தின் வாழ்வு கொழும்பிலே ஒரு கையெழுத்தில் கவிழக்கூடும் என்பதற்கு அது சான்று. 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையும் அதனையே மறுபடி உணர்த்திற்று.

தொழிலறிஞர் வன்னிக்குச் செல்லவில்லை என்றும் கூறமுடியாது. கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராசசுந்தரமும் 1970களிலே வவுனியாவை நிலைக்களனாகக் கொண்டு காந்தீயம் என்னும் இயக்கத்தை நடத்தினர். இனக் கலவரங்களால் இடம்பெயர்ந்து வந்த மலையகத் தமிழரை எல்லையோரக் கிராமங்களிலே குடியமர்த்தினர். குழந்தைப் பள்ளிகளை நடத்தினர். தாய்மாருக்கு ஊட்டச்சத்துப் போதித்தனர். 1983இல் இருவரும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையிலே இராசசுந்தரம் கொல்லப்பட்டார். அவர்கள் ஆதரித்த மக்கள் டொலர், கென்ற் பண்ணைகளிலிருந்து அகற்றப்பட்டனர். அங்கே சிறைக் கைதிகளும் அவர்தம் குடும்பங்களும் அமர்த்தப்பட்டனர். 1984 நவம்பரில் அவ்வேழைகளும் படுகொலைக்கு இரையாயினர். நிலத்தைச் சூதாட்டக் காயாக்கினால் இருபுறத்து எளியோரும் மடிவர் என்பதற்கு இதனினும் கொடிய பாடம் வேண்டா. உயிர்தப்பிய டேவிட், நெடுநாள் தமிழகத்தில் வாழ்ந்து, முதுமையில் ஊர் திரும்பி, 2015இல் கிளிநொச்சியிலே காலமானார். மேற்படிப்பும் பெருவருவாயும் பெற்ற அப்பெரியார் இறுதிமூச்சு விடுவதற்குத் தேர்ந்த மண் எது என்பதை, கொழும்பிலே மூன்றாவது வீடு தேடும் கனவான்கள் சிந்திப்பார்களாக.

வட்டத்தை உடைப்பது எப்படி?

"போகலாம், ஆனால் பிள்ளையின் படிப்பு?" இதுவே முதலாம் கேள்வி. "நோய் வந்தால் யாரிடம் போவது?" இஃது இரண்டாம் கேள்வி. இரண்டும் நியாயமானவை. ஆயினும், இவற்றின் விடை எங்கே இருக்கிறது? வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஏ-9 வீதியிலே வடக்கு நோக்கி விரையும் பேருந்துகளைப் பாருங்கள். வன்னிப் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் கந்தோர்களிலும் பணிபுரிவோர் பலர் அவற்றில் அமர்ந்திருப்பர். திங்கட்கிழமை காலை களைத்துத் திரும்புவர். வன்னிச் சேவையைத் தண்டனை இடமாற்றமாகவும், முடிக்கவேண்டிய கட்டாயக் காலமாகவும் கருதி, நாளெண்ணி யாழ்ப்பாணத்துக்கு மாறுவர். ஆசிரியர் தங்காததால் பாடசாலை உயரவில்லை. பாடசாலை உயராததால் படித்த குடும்பம் வரவில்லை. படித்த குடும்பம் வராததால் ஆசிரியர் தங்கவில்லை. இவ்வட்டத்தை எவ்வரசாங்கம் வந்து உடைக்கும்?

நாமே உடைக்கலாம். தனிக் குடும்பமாகப் போனால் அச்சமும் தனிமையும் மேலிடும். சேர்ந்து போனால் வலிமை உண்டு. ஒரு மருத்துவர், நான்கு ஆசிரியர், ஒரு பொறியியலாளர், ஒரு சட்டத்தரணி, ஒரு விவசாயப் போதனாசிரியர், ஓய்வு பெற்ற எழுதுவினைஞர் இருவர் எனப் பத்துக் குடும்பங்கள் கூடிப் பேசி, ஒரு கிராமத்தையோ அயலயற் கிராமங்களையோ தேர்ந்து, ஓராண்டுக்குள் அங்கே குடியமர்வதாக முடிவு செய்யட்டும். அவர்தம் பிள்ளைகள் அவ்வூர்ப் பாடசாலையிலேயே சேரட்டும். அவ்வாண்டே அப்பாடசாலையின் முகம் மாறும். கணித ஆசிரியரின் மகளே அவ்வகுப்பில் இருந்தால், அக்கணித பாடம் நடவாமற் போகுமா? மருத்துவரின் தாயார் அவ்வூரிலே இருந்தால், கிராம வைத்தியசாலையின் கதவு மாலையில் அடைபட்டே கிடக்குமா?

உயர்கல்விக்கும் வன்னி இன்று புறம்பன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. வவுனியாவும் கிளிநொச்சியும் அப்பாதையிலேயே உள்ளன. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 65 கிலோமீற்றர் தூரமே. நம் பாட்டன்மாரை விரட்டிய மலேரியாவும் இன்றில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடெனச் சான்றளித்தது. அவர்கள் மாட்டு வண்டியும் கோடரியுமாகச் சென்ற காட்டுக்கு, வீதியும் மின்சாரமும் தொலைபேசியும் வந்தபின் நாம் போக அஞ்சுவது நாணத்தக்கது.

புறப்படுமுன் அறிய வேண்டியவை

ஆர்வம் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். முதலாவது, காணியின் உரித்து. இத்தீவின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டது அரச காணி. வன்னியிலும் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. மக்கள் வழக்கிலே 'பேமிற் காணி'. அதனை விற்கவும் வாங்கவும் சட்டம் இடந்தரவில்லை. வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டி வாங்கியவர் பணத்தை இழப்பார். விற்றவரும் அனுமதியை இழக்கக்கூடும். ஆதலின் உறுதிக் காணியையே நாடுக. தோம்பும் காணிப் பதிவேடும் நில அளவைப் படமும் பார்த்து, நேர்மையான நொத்தாரிசின் துணைகொண்டு எழுதுக. தேசவழமைப்படி பங்காளருக்கு முதற்கொள்வனவுரிமை உண்டென்பதையும் மறவற்க.

இரண்டாவது, நீர். மார்கழியிலே கிணற்றைப் பார்த்து மகிழ்ந்து காணி வாங்காதீர்கள். ஆவணியிலே வந்து பாருங்கள். பாறை நிலத்துக் கிணறுகள் அப்பொழுதுதான் உண்மை சொல்லும். நீரைச் சோதனைக்கு அனுப்பிச் சான்று பெறுக. வவுனியாவின் சில பகுதிகளிலே சிறுநீரக நோய் பரவியிருப்பதால் இச்சோதனையை ஒருபோதும் தவிர்க்கலாகாது. மாரிக்காலத்திலும் ஒருமுறை வந்து வெள்ளம் எதுவரை நிற்கிறதென்று அயலவரைக் கேட்டறிக. 2018 டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியமை நினைவிருக்கட்டும். வயல் வாங்குவோர் மற்றொன்றையும் அறிக: சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பதென்று குளத்து நீரின் அளவைப் பார்த்துக் கமக்காரர் கூட்டமே முடிவு செய்யும். பணம் உள்ளவரென்று எவருக்கும் தனி வாய்க்கால் கிடையாது.

மூன்றாவது, ஆபத்துகள். காட்டோரக் கிராமங்களில் யானை வரும். பாம்பு உண்டு. போர் நடந்த இடங்களிலே கண்ணிவெடி அகற்றிய சான்றைப் பார்க்காமல் மண்வெட்டியை எடுக்கலாகாது. நான்காவது, வருவாய். உத்தியோகத்தை உதறிவிட்டு வராதீர்கள். உத்தியோகத்தையே வன்னிக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள். சம்பளம் குடும்பத்தைத் தாங்கட்டும். தென்னையும் மாடும் காய்கறித் தோட்டமும் செலவைக் குறைக்கட்டும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று பழமொழி இருப்பது வீணன்று.

ஆண்டைகளாகப் போகவேண்டாம்

இவ்வளவும் கூறியபின், கூறாது விட்டாற் குற்றமாகும் ஒன்று உண்டு. வன்னி ஆளில்லாத வனாந்தரம் அன்று. 1803இல் பண்டாரவன்னியன் படைதிரட்டிப் போராடிய மண் அது. அங்கே பழங்குடிகள் உள்ளனர். 1958இலும் 1977இலும் 1983இலும் தெற்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் துரத்தப்பட்டு வந்து காட்டை வெட்டியோர் உள்ளனர். 2009இன் முடிவில் யாவற்றையும் இழந்து முள்வேலி முகாம்களிலிருந்து மீண்டோர் உள்ளனர். மலையகத்திலிருந்து வந்தோரிற் பலர், இரண்டு தலைமுறை உழுத மண்ணுக்கே இன்னும் பத்திரமின்றி வாழ்கின்றனர். கேப்பாபுலவு மக்கள் படையினர் வசமிருந்த தம் காணியைக் கேட்டு 2017இல் வீதியோரத்தில் அமர்ந்தபோது, அவர்களோடு சென்று அமர்ந்த கனவான்கள் எத்தனை பேர்?

ஆதலின், அரச காணி பகிரப்படுமிடத்து முதலுரிமை அவ்வூர்க் காணியற்றோருக்கே. 1965ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலே நாம் கேட்டதும் அதுவே. கொழும்பிடம் கேட்ட நீதியை நம்மவருக்கு மறுப்பது எவ்வாறு பொருந்தும்? யாழ்ப்பாணத்துப் பணம் கொண்டு வந்து, வன்னி ஏழையின் பேமிற் காணியை அடிமாட்டு விலைக்குப் பறித்து, அவனையே கூலியாளாக்கி, வேலிக்குள்ளே வீற்றிருக்கும் புதிய ஆண்டைகள் வன்னிக்கு வேண்டா. யாழ்ப்பாணத்துச் சாதிச் செருக்கையும் ஊர்ப் பெருமையையும் ஆனையிறவுக்கு அப்பாலே இறக்கிவைத்துவிட்டு வருவோரே வருக. அவ்வூர்க் கோயிலிலும் தேவாலயத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் ஒருவராய் நிற்கத் தெரியாதவர், எத்தனை ஏக்கர் வாங்கினும் அவ்வூருக்குக் குடியாகமாட்டார்.

வன்னிக் கமக்காரருக்கும் ஒரு சொல். புதிதாய் வரும் ஆசிரியரையும் மருத்துவரையும் அந்நியர் என்று ஒதுக்காதீர்கள். அவர்தம் பிள்ளையும் உங்கள் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்தால் இலாபம் உங்களுக்கே. கடன் நெருக்கத்தில் காணியைத் தரகர் கையிற் கொடுக்குமுன், படித்த அயலவர் ஒருவரிடம் பத்திரத்தைக் காட்டி யோசனை கேளுங்கள்.

யார் என்ன செய்ய வேண்டும்?

வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல கழிந்தும், அடுத்த தேர்தல் ஒத்திவைக்கப்பட்டே வந்தது. மாகாண சபை இயங்கிய காலத்திலும் அரச காணி அதிகாரம் கொழும்பின் பிடியிலேயே இருந்தது. அவ்வதிகாரத்துக்கான போராட்டம் தொடரவேண்டியதே. ஆனால், அது கிடைக்கும்வரை கைகட்டியிருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. சொந்த உறுதிக் காணியிலே சொந்தக் குடும்பத்தோடு சென்று குடியிருக்க எந்த ஒப்பந்தமும் வேண்டா. எந்த வர்த்தமானியும் வேண்டா.

நம் கட்சிகள் தம் சட்டத்தரணிகளைக் கொண்டு மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் காணி உரித்தைப் பரிசோதிக்கும் இலவச முகாம் நடத்தட்டும். பிரதேச சபைகள் உள்வீதிகளையும் பொதுக் கிணறுகளையும் பார்க்கட்டும். ஆசிரியர் சங்கங்கள், யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கேட்டுப் போராடுவதோடு, வன்னியில் ஆசிரியர் விடுதிக்கும் வீட்டுக் கடனுக்கும் போராடட்டும். புலம்பெயர்ந்தோர், தம் வன்னிக் காணியைப் பாழாய்ப் போடாது, குடியிருக்க முன்வரும் குடும்பத்துக்கு முறையான எழுத்துக் குத்தகையிற் கொடுக்கட்டும். தலைவர்களோ ஒன்று மட்டும் செய்தாற் போதும்: வன்னியைப் பற்றிப் பேசுமுன், வன்னியிலே ஒரு வீட்டில் குடியிருக்கட்டும்.

தமிழ்ப் பெருமக்களே! நிலம் பேசாது, வழக்காடாது, ஊர்வலம் போகாது. தன்மேல் விளக்கேற்றி வாழ்பவனை மட்டுமே அது தன் உடையவனாக உலகுக்குக் காட்டும். வரும் தைப் பொங்கலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் நூறு குடும்பங்கள் வன்னி முற்றங்களிலே புதிதாய்ப் பானை ஏற்றினால், நூறு மேடைகளில் முழங்கியதனினும் அது வலிய செயலாகும். பத்துக் குடும்பங்கள் ஏற்றினாலும் தொடக்கம் தொடக்கமே. அப்பத்தில் ஒன்றாக உம் குடும்பம் இருக்குமா என்பதை, இன்றிரவு உம் இல்லத்தாருடன் அமர்ந்து பேசுவீராக.